உப்பு கரைந்த தண்ணீர் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்தவை. உப்பளம், கருவாடு, கருப்பட்டி, ஐஸ் பெட்டி என்று கேட்பவர்களின் தொழில் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றின் அடியிலும் இருப்பது ஒரே சங்கதி. தண்ணீரில் உப்பு, சர்க்கரை போல எளிதில் ஆவியாகாத எதைக் கரைத்தாலும் அது ஆவியாகும் வேகம், கொதிக்கும் சூடு, உறையும் குளிர், சவ்வு தாண்டும் அழுத்தம் ஆகிய நான்கும் சேர்ந்தே மாறும். எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பது, கரைந்த துகள்களின் எண்ணிக்கை. அவை எந்தப் பொருளின் துகள்கள் என்பது பெரும்பாலும் இரண்டாம் பட்சம்.

தெப்பத்தில் (கடல்நீரை முதலில் தேக்கும் குளத்தில்) தண்ணீர் மளமளவென்று வற்றுகிறது. உப்பு விளையும் பாத்திக்கு வந்து அடர்த்தி 20 டிகிரி (போமே) தாண்டிவிட்டால் அதே வெயிலில் இழுத்துக்கொண்டே போகிறது. தண்ணீரில் ஏதும் கோளாறா? (உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்)

கோளாறு இல்லை. தண்ணீர் ஆவியாவது அதன் சூட்டை மட்டும் பொறுத்ததல்ல. தண்ணீரின் ஆவி அழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீரின் ஆவி அழுத்தம் 31.8 மில்லிமீட்டர் பாதரசம். உப்பு நிறைந்து தெவிட்டிய தண்ணீரில் அது நான்கில் மூன்று பங்காக, சுமார் 24-க்கு இறங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் காற்றின் பக்கம் 22.3 இருக்கிறது. நல்ல தண்ணீருக்குக் கிடைக்கும் இடைவெளி 9.5, தெவிட்டிய உப்புநீருக்குக் கிடைப்பது 1.6. அதாவது ஆறில் ஒரு பங்கு. ஈரப்பதம் 75-ஐ எட்டிவிட்டால் அதே சூட்டில் இருக்கும் பாத்தி ஒரு சொட்டும் விடாது. கடற்கரை இரவுகளில் நடப்பது இதுதான். அதற்கு மேலும் ஈரம் ஏறினால் பாத்தி காற்றிலிருந்து தண்ணீரைத் திரும்ப வாங்கவே செய்யும்.

பகலில் வேலை நடப்பதற்குக் காரணம், பாத்தித் தண்ணீர் காற்றைவிடச் சூடாகிவிடுவது. உப்புநீரே 35 டிகிரிக்குப் போனால் அதன் ஆவி அழுத்தம் 31.6 ஆகும், இடைவெளி 9.3. ஐந்து டிகிரி சூடு, உப்பு பிடித்து வைத்ததை அப்படியே ஈடுகட்டிவிட்டது பாருங்கள். ஆகவே கடைசிப் பாத்திகளில் தண்ணீரை ஆழமாகக் கட்டாதீர்கள். ஆழம் கூடினால் சூடேறாது. கச்சான் (மேற்குக் காற்று) வீசும் நாட்களில் காற்று உலர்ந்திருக்கும், அப்போது பாத்திக்குக் கூடுதலாகத் தண்ணீர் விடலாம். கொண்டல் காற்றில் (கிழக்குக் காற்றில்) அந்தக் கணக்கு பலிக்காது.

டிகிரி பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உப்புநீரின் அடர்த்தியை மிதவை மானியில் பார்க்கும் அளவுதான் போமே. கடல்நீர் சுமார் 3.5 டிகிரி போமே. 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் இறங்கத் தொடங்கும், 25-ல் உப்பு பூக்கும். அதற்குள் தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். 29, 30-ஐத் தாண்ட விடாமல் எஞ்சிய கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் உப்பும் சேர்ந்து இறங்கும். ஆனால் இந்த எண்கள் மானி அளவு குறிக்கப்பட்ட வெப்பநிலைக்குத்தான் சரி. பெரும்பாலான மானிகளில் அது 15.6 டிகிரி செல்சியஸ். சூடான தண்ணீர் விரிந்து அடர்த்தி குறைவதால் மானி குறைத்துக் காட்டும். காலையில் 25 டிகிரி செல்சியஸிலும் மதியம் 40-லும் ஒரே தண்ணீரைப் பார்த்தால் முக்கால் டிகிரி போமேக்கு மேல் வித்தியாசம் வரும். மதியம் பார்த்து, 'இன்னும் 29 ஆகவில்லை' என்று கசப்புநீரை விட்டுவைப்பதுதான் பல இடங்களில் உப்பின் தரம் கெடக் காரணம். தினமும் ஒரே நேரத்தில், காலையிலேயே பாருங்கள்.

திடீர் மழை பெய்தால் பாத்திக்குள் இறங்கிக் கலக்கிவிட வேண்டாம். 25 டிகிரி போமே உப்புநீர் லிட்டருக்கு 1.2 கிலோ எடை. மழைத்தண்ணீர் அதன் மேலேயே படர்ந்து நிற்கும். காற்று கலக்குமுன் மடையின் மேல்பலகையை மட்டும் எடுத்து வடியவிட்டால் அடித்தண்ணீர் தப்பும்.

ஐப்பசி பிறந்தால் வீட்டு உப்பும் கசிகிறது, கட்டி வைத்த கருவாடும் வியர்க்கிறது. உப்பில் கலப்படமா? (கீழக்கரை)

மேலே சொன்ன 75 என்ற எண்தான் இங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சாப்பாட்டு உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை 33 சதவீதம்தான். கடற்கரையில் காற்று அவ்வளவு காய்வதே அபூர்வம். அதனால் கசப்புநீர் சரியாக வடியாத உப்பு சித்திரையிலும் பிசுபிசுக்கும். உங்கள் உப்பு மழைக்காலத்தில் மட்டும் கசிந்தால் அது இயல்பு. கோடையிலும் கசிந்தால் மெக்னீசியம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கழுவ வேண்டுமென்றால் நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பே போய்விடும். நல்ல உப்பு கரைந்து தெவிட்டிய தண்ணீரால் கழுவி வடியவிட்டால், அதில் இனி உப்பு கரைய இடமில்லாததால் மெக்னீசியம் மட்டும் கழுவிப் போகும்.

கருவாட்டுக்கு மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பழகிய அளவு. உப்பு போட்ட சில மணி நேரத்தில் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதே, அது மீனுக்குள் இருந்து சவ்வூடு பரவலால் (உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வு வழியே தண்ணீர் நகர்வதால்) வெளியே வந்த தண்ணீர். அதே நேரத்தில் உப்பு உள்ளே போகிறது. மெக்னீசியமும் கால்சியமும் கலந்த உப்பு உள்ளே இறங்குவது மெதுவாகத்தான். மேலே வெள்ளையாக, விறைப்பாக நன்றாய்க் காய்ந்தது போலத் தெரியும்; முள்ளை ஒட்டிய சதை நாறிக்கொண்டிருக்கும். சீலா, பாறை போன்ற கனத்த மீனை முதுகுப் பக்கம் பிளந்து, கீறல் போட்டு, கீறலுக்குள்ளும் உப்பைத் திணிப்பது இதற்காகத்தான். காய்ந்த கருவாட்டைச் சாக்கில் வைக்காமல் காற்றுப் புகாத கனமான பாலித்தீன் பையில், வெயிலில் சூடாக இருக்கும்போது கட்டாமல், ஆறியபின் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள்ளேயே ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படிவது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர். உப்பைக் கூட்டினால் அது போகாது. அந்தக் கருவாட்டைத் தனியாக எடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவிட்டு, புது உப்புக்கு மாறுவதுதான் வழி.

உலையில் உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்குமா? (பரமக்குடி)

கொதிக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை 0.17 டிகிரி கூடும், அவ்வளவுதான். அரிசிக்கும் அது தெரியாது, அடுப்புக்கும் தெரியாது. உப்பைப் போட்டதும் குபுகுபுவென்று பொங்குவதற்குக் காரணம், உப்புக் கல்லின் சொரசொரப்பில் குமிழ்கள் பிறக்க இடம் கிடைப்பது.

ஐஸோடு உப்பைக் கலந்தால் இன்னும் குளிரும் என்கிறார்கள். இரவு போய்க் காலையில் திரும்பும் படகில் மீன் பெட்டியில் அப்படிச் செய்யலாமா? (பாம்பன்)

குளிரும் என்பது உண்மை. ஒரு கிலோ உடைத்த ஐஸுக்கு 300 கிராம் உப்பு என்ற அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போகக்கூடும். ஐஸின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஈரத்தில் உப்பு கரைகிறது. அந்த உப்புநீரால் பூஜ்ய டிகிரியில் உறைய முடியாது; ஐஸ் மட்டும் உருகிக்கொண்டே போகிறது. உருகுவதற்கு வேண்டிய சூட்டை அது சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் உறிஞ்சுகிறது. குல்ஃபி போடுகிறவருக்கு இது வேண்டும். மீனுக்கு வேண்டாம்.

ஏனென்றால் மீனின் உடல் நீரும் ஒரு கரைசல்தான்; அது மைனஸ் 1-க்கும் மைனஸ் 2-க்கும் இடையில் உறையத் தொடங்கும். உப்பு விழுந்த இடத்தை ஒட்டிய மீனின் தோலும் வால் பக்கமும் அரைகுறையாக உறையும், கண் வெளுக்கும். மெதுவாக உறையும்போது பெரிய பனி ஊசிகள் வளர்ந்து சதையின் செல்களைக் கிழித்துவிடும். கரையில் இளகியதும் சதை தளர்ந்து தண்ணீர் விடும், ஏலத்தில் விலை இறங்கும். இதைவிடப் பெரிய நஷ்டம், ஐஸ் பாதி வழியில் தீர்ந்துபோவது. கணக்கு இதுதான்: 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர சுமார் 25 கிலோகலோரி எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 எடுக்கும். ஆக மீனைக் குளிர்விக்க மட்டும் மூன்றில் ஒரு கிலோ ஐஸ் போதும். மிச்சமெல்லாம் பெட்டியின் சுவர் வழியாக வரும் சூட்டைத் தாங்க. அதனால்தான் நம் வெயிலுக்கு ஒன்றுக்கு ஒன்று எடுத்துப் போகச் சொல்கிறோம். உப்பைக் கொட்டினால் பெட்டி தேவைக்கு மேல் குளிர்ந்து, வெளியிலிருந்து சூடு இன்னும் வேகமாக உள்ளே வரும்.

ஓரிரவுப் பயணத்துக்கு நல்ல வழி, கடல்நீரும் ஐஸும் கலந்த கூழ். இரண்டு பங்கு பொடித்த ஐஸ், ஒரு பங்கு கடல்நீர். துறைமுகத்துக்குள் மொள்ளாமல், வெளியே போய்ச் சுத்தமான இடத்தில் மொள்ளுங்கள். 29 டிகிரி கடல்நீர் ஒரு கிலோவைக் குளிர்விக்க ஏறத்தாழ 350 கிராம் ஐஸ் உருகும். உப்பு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 26 ஆகக் குறையும், கூழ் மைனஸ் 1.4 டிகிரி வாக்கில் நிற்கும். மீனைக் கூழில் முக்கினால் உடல் முழுவதும் குளிர்நீர் படுவதால், ஐஸ் துண்டுகளுக்கு நடுவே அடுக்குவதைவிட வேகமாகக் குளிரும், நசுங்கவும் நசுங்காது. மீன் ஏற ஏற ஐஸ் உருகி உப்பு நீர்த்து, கூழ் பூஜ்யத்தை நோக்கி ஏறும். மேலும் ஒரு கிலோ உருகினால் மைனஸ் 0.8. அது போதுமான குளிர்தான். பழைய அளவுக்கே வேண்டுமென்றால் உருகிய ஒவ்வொரு கிலோவுக்கும் 20 – 25 கிராம் உப்பு, தண்ணீரில் கரைத்து விடுங்கள். கல்லுப்பாக வீசவே வேண்டாம். மூன்று நான்கு நாள் தங்கும் விசைப்படகுக்கு இந்த முறை ஒத்துவராது, மீனுக்குள் உப்பு ஏறிவிடும். அங்கே ஐஸும் மீனுமாக அடுக்கி, உருகும் தண்ணீர் வடியும்படி அடியில் துளை வைப்பதுதான் சரி.

பன்னிரண்டாம் வகுப்புச் சூத்திரப்படி கடல்நீரின் உறைநிலையைப் போட்டால் மைனஸ் 2.3 வருகிறது. ஆனால் மைனஸ் 1.9 என்கிறார்களே? (மாணவி, தொண்டி)

கணக்கில் தவறில்லை. 965 கிராம் தண்ணீரில் 35 கிராம் சோடியம் குளோரைடு என்றால் 0.62 மோலால் (ஒரு கிலோ தண்ணீருக்கு 0.62 மோல்). அயனி இரண்டு, மாறிலி 1.86. பெருக்கினால் 2.3 வரும். ஆனால் கடலில் இருப்பது சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. கனமான சல்ஃபேட் அயனியும் இருப்பதால் அதே 35 கிராமில் துகள்களின் எண்ணிக்கை சற்றுக் குறைவு. தவிர, எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால் அவை முழுச் சுதந்திரமாக இயங்குவதில்லை. பலன் சுமார் பத்து சதவீதம் குறையும். இரண்டையும் சேர்த்தால் 1.9. வான்ட் ஹாஃப் காரணி (கரைந்த பொருள் எத்தனை துகளாகப் பிரிகிறது என்ற எண்) 2 என்பது மிக நீர்த்த கரைசலுக்கான எல்லை மதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வாங்கியவர் இந்த வான்ட் ஹாஃப்தான். சவ்வூடு பரவல் அழுத்தம் பற்றிய பணியும் அதில் அடக்கம்.

கருப்பட்டிப் பாகை வெப்பமானி வைத்து 118-ல் இறக்குகிறோம். சில நாள் கல்லாக வருகிறது, சில நாள் இளகிக் கிடக்கிறது. மானி சரியில்லையா? (சாயல்குடி)

முதலில் மானியைக் கொதிக்கும் நல்ல தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சாயல்குடி கடல்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் எல்லா அளவிலும் இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம். மானி நுனி சட்டியின் அடியைத் தொடக் கூடாது.

மானி சரி என்றால் கோளாறு பதநீரில். பாகு கொதிக்கும் சூடு சர்க்கரையின் அடர்த்தியைக் காட்டுகிறது: 50 சதவீதத்தில் சுமார் 102, 60-ல் 103, 70-ல் 106, 80-ல் 112. 12 சதவீதம் சர்க்கரையுள்ள பத்து கிலோ பதநீர் வற்றி இரண்டு கிலோ ஆகும் வரை மானி மூன்றே டிகிரிதான் ஏறும். அதற்குப் பிறகு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான தண்ணீர் போவதற்குள் 15 டிகிரி தாவும். மணிக்கணக்காக அசையாமல் நின்ற மானி கடைசி நிமிடங்களில் ஓடுவது இதனால்தான். 106-ஐத் தொட்டதும் விறகை இழுத்துத் தீயைக் குறைத்துவிடுங்கள். 115-க்கும் 120-க்கும் இடையே, குளிர்ந்த தண்ணீரில் சொட்டினால் உருட்ட வருகிறதா என்பதையும் பார்த்தே இறக்குங்கள். மானி மட்டும் போதாது. ஏன் என்கிறீர்களா?

பதநீர் புளிக்கத் தொடங்கினால் சர்க்கரை மூலக்கூறு ஒன்று குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடையும். எடை அதேதான், எண்ணிக்கை இரட்டிப்பு. கொதிநிலை எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்படும். ஆகவே உடைந்த சர்க்கரை உள்ள பாகு, கூடுதல் தண்ணீரை வைத்துக்கொண்டே 118-ஐக் காட்டிவிடும். நீங்கள் இறக்குவீர்கள், உள்ளே தண்ணீர் மிச்சம். போதாததற்கு உடைந்த சர்க்கரை லேசில் படிகமாகாது, ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கொட்டாங்குச்சியில் ஊற்றியது கழறாது, கழன்றாலும் ஓலைக்கொட்டானில் வியர்க்கும்.

பிழை, பனையில் கட்டும் கலயத்தில் தொடங்குகிறது. கலயத்தில் ஒட்டிய பழைய பதநீரின் படிவு அப்படியே இருந்தால், புளிப்பைத் தடுக்கச் சுண்ணாம்பு தடவியும் பயனில்லை. கழுவி, புகை காட்டி, காயவைத்து, உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு படும்படி தடவ வேண்டும், அடியில் மட்டும் குவிக்கக் கூடாது. இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் அடுப்பில் வையுங்கள். லிட்மஸ் தாளில் நீலம் சிவப்பாக மாறினால் அந்தப் பதநீரைக் கல் கருப்பட்டிக்கு நம்பாதீர்கள். அதற்காகச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் நிறம் கறுத்துக் கசக்கும். உடைந்த சர்க்கரை மறுபடி ஒட்டவும் ஒட்டாது. அன்றைய பாகைப் பாகாகவே விற்றுவிடுவது மேல்.

பனியே விழாத ஊரில் காருக்கு கூலன்ட் எதற்கு, போர் தண்ணீர் ஊற்றினால் போதாதா? (ராமநாதபுரம்)

பெயரளவில் அது உறையாமல் காப்பது, ஆனால் நமக்கு மறுமுனைதான் பயன். கூலன்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். கிளைக்காலை மட்டும் ஊற்றினாலும் தவறு. தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். கலக்க வேண்டியது காய்ச்சி வடித்த தண்ணீர். போர் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் காரை கட்டிவிடும். கிளைக்கால் விஷம், இனிக்கவும் செய்யும். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

கடலில் இன்ஜின் நின்று குடிநீர் தீர்ந்துவிட்டால் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாமா? (மண்டபம்)

கூடாது. ரத்தத்தில் கரைந்த துகள்களின் அளவு சுமார் 290 என்றால் கடல்நீரில் 1000-க்கும் மேல். குடித்த கடல்நீரின் உப்பைச் சிறுநீரில் தள்ளச் சிறுநீரகத்துக்கு, குடித்ததைவிட அதிகமான தண்ணீர் வேண்டும். அதை உடம்பிலிருந்தே எடுக்கும், தாகம் கூடும், பிதற்றல் வரும். நல்ல தண்ணீரோடு கலந்து குடித்தாலும் நல்ல தண்ணீர்தான் வீணாகும். படகில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கில் ஒரு எச்சரிக்கை. 20.5 கிராம் பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அப்போது துகள் அளவு 245, ரத்தத்தைவிடக் குறைவு. தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகும். அரை லிட்டரில் கரைத்தால் 490 ஆகி, எதிர்த்திசையில் உடம்பின் தண்ணீரைக் குடலுக்கு இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும்.

போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 3500. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் நூலாக வருகிறது, அதுவும் உவர்க்கிறது. கழிவுநீர் வீணாகிறதே என்று அந்தக் குழாயைச் சற்று இறுக்கினோம், இன்னும் மோசம். (திருப்புல்லாணி)

இறுக்கியதை முதலில் தளர்த்துங்கள். டி.டி.எஸ். ஒவ்வொரு 1000-க்கும், மெஷினுக்குள் உப்பை வடிக்கும் சவ்வின் மறுபக்கத்திலிருந்து சுமார் 0.7 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) எதிர்த்து நிற்கும். 3500-க்கு 2.5 பார். வீட்டு மெஷின் பம்பு தருவது ஐந்து பார் வாக்கில், அதில் பாதி இந்த எதிர்ப்பைச் சமாளிக்கவே போய்விட்டது. வந்த தண்ணீரில் பாதியை வடித்து எடுத்தால் மிச்சத்தில் உப்பு இரட்டிப்பாகி எதிர்ப்பும் ஐந்து பார் ஆகும். பம்புக்கு வேலையே இல்லை. கழிவுக் குழாயை இறுக்கி நீங்கள் செய்தது இதைத்தான். கூடவே சவ்வின் மேல் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். கடல்நீருக்கு இந்த எதிர்ப்பு சுமார் 26 பார். நரிப்பையூரில் போட்டது போன்ற கடல்நீர் நிலையங்களுக்கு 55 முதல் 70 பார் வரை தரும் பம்புகள் வேண்டியிருப்பது அதனால்தான்.

உவர்ப்புக்கும் காரணம் உண்டு. சவ்வு வழியே உப்பு கசிவது இரு பக்கச் செறிவின் வித்தியாசத்தைப் பொறுத்தது, அழுத்தம் குறைந்தாலும் அது குறையாது. தண்ணீர் வரத்து குறைந்து உப்பு வரத்து அப்படியே இருந்தால் டம்ளரில் உப்பு அதிகம்தானே?

பெரும்பாலான வீட்டு மெஷின்கள் 2000 வரையில்தான். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து மெஷினுக்கு விட்டால் 1800-க்கு வந்துவிடும், எதிர்ப்பு 1.3 பார்தான். மழைநீரே போதிய அளவு இருந்தால் மெஷினே வேண்டாம், வடிகட்டிக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பைக் குறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்; தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு சட்டியிலேயே கூடும். கழிவுநீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றினால் மண்ணின் உப்பு ஏறி, ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் இலை ஓரம் கருகும்.